உள்ளம் ஒன்றிய உடற்பயிற்சி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனை அறியாதார் நம்முள் இலர். அறிந்தபடி நடப்போரோ மிகச் சிலர். தேர்வு நெருங்குங்கால் இரவெல்லாம் நூலின்மீது வளைந்திருந்து கற்கும் மாணவரும், விடைத்தாட் கட்டுகளின்முன் கழுத்தைத் தாழ்த்தி நாள் கழிக்கும் ஆசிரியரும், கணிப்பொறியின் எதிரே எட்டு மணி நேரம் அசையாதிருந்து ஊதியம் பெறும் பழைய மாணவரும் சித்திரத்திலேயே கண்ணாயிருந்து சுவரை மறந்தவர்களே. யாமும் அக்கூட்டத்தில் நெடுநாள் இருந்தோம். அதனின்று எம்மை வெளியே இழுத்தவர் ஒரு மருத்துவரும் அல்லர். ஒரு நூலாசிரியரும் அல்லர். சேற்று வயலில் நின்ற ஒரு மூதாட்டியாரே.

சென்ற புரட்டாசித் திங்களில் மாணவர் சிலருடன் தஞ்சைக்குக் கிழக்கேயுள்ள ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு இயந்திரங்கள் இந்நாளில் பல ஊர்களுக்கு வந்துவிட்டனவாயினும் கைநடவு முற்றும் ஒழிந்துவிடவில்லை. சேடை கூட்டிய வயலில் பெண்டிர் பதின்மர் வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாற்று முடியைப் பற்றி, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே பின்னோக்கி அடிவைத்துச் சென்றனர். வரப்பின்மேல் நின்ற எம் மாணவருள் ஒருவர், “இவர்களுக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியே வேண்டுமா? வேலையே பயிற்சி அல்லவா!” என்று வியந்துரைத்தார். அது கேட்ட மூதாட்டியார் ஒருவர் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெல்ல நிமிர்ந்து, “நல்லாச் சொன்னீங்க தம்பி! குனிஞ்சா நிமிர முடியலை. நிமிர்ந்தா குனிய முடியலை. இதுக்குப் பேரு பயிற்சியா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் குனிந்தார். எம் மாணவர் வாயடைத்து நின்றார். யாமும் விடை சொல்லும் வகையறியாது திரும்பினோம். அவ்வினாவிற்கு விடை தேடிய வழியில் யாம் கண்ட சிலவற்றை இவ்வாண்டு மலரில் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதற்கண் அம்மூதாட்டியாரின் உழைப்பைக் கணக்கிட்டு நோக்குவோம். வரிசைக்கு வரிசை 20 செண்டிமீட்டரும் குத்துக்குக் குத்து 10 செண்டிமீட்டரும் இடைவெளி விட்டு நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்துகள் ஆகும். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏக்கர் நடவு முடிவதற்குள் அப்பெண்டிரின் கைகள் இரண்டு லட்சம் முறைக்கு மேல் சேற்றில் ஊன்றி எழவேண்டும். குறுவை, சம்பா, தாளடி எனப் பருவந்தோறும் இத்தொழில் திரும்ப வரும். மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது; ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாளை அதன் மதகு திறக்கும் நாளாகக் கொண்டு உழவர் எதிர்நோக்கியிருப்பது வழக்கம். அம்மதகு வழியே வரும் நீர் நெல்லாவதற்கு இடையில் எத்தனை முதுகுகள் வளைகின்றன என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

இத்துணை உழைப்பும் ஏன் பயிற்சி ஆகவில்லை? உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதே விடை. உழைப்பின் நோக்கம் வயலில் இருக்கிறது. பயிற்சியின் நோக்கம் உடலில் இருக்கிறது. வயல் கேட்பது ஒரே அசைவை. அவ்வசைவுக்கு வேண்டிய தசைகள் ஓயாது இழுபட, ஏனையவை பயனின்றிச் சோர்கின்றன. குனிந்தே கிடக்கும் முதுகின் தசைகளும் நாண்களும் நெடுநேரம் நீண்டு களைக்கின்றன. அவற்றிற்குத் துணைநிற்கவேண்டிய வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் தம் பங்கைச் செய்யாது விடுகின்றன. மூச்சு மேலோட்டமாகின்றது. மனமோ கூலியையும் வெயிலையும் வீட்டு அடுப்பையும் எண்ணிக்கொண்டு எங்கோ நிற்கிறது. மேசைமுன் வளைந்திருக்கும் மாணவரின் நிலையும் இதுவே. சேற்றில் குனிந்த தாயும் புத்தகத்தில் குனிந்த மகனும் நோயளவில் ஒரே முதுகினர்.

இந்நோய் நம் ஊர்க்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் வருந்தியோர் 61 கோடியே 90 லட்சம் பேர். மக்களை இயங்கவொட்டாது முடக்கும் காரணங்களுள் உலகில் முதலிடம் பெற்றதும் அதுவே. ஆதலின் முதுகைக் காக்கும் வழியைத் தேடுவது பொழுதுபோக்கன்று. பலருக்கு அது பிழைப்பைக் காக்கும் வழியும் ஆகும்.

அவ்வழிகளுள் ஒன்றே பிலாட்டீஸ் என்பது. இப்பெயரைக் கேட்டவுடன் நம் மாணவருட் சிலர் கைகழுவிய பிலாத்துவை நினைத்துப் புன்னகை புரிவர். இவர் அவரல்லர். ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் என்பார் 1883-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். இளமையில் ஈளை முதலிய நோய்களால் நலிந்தவர் என்று இவர் வரலாறு எழுதினோர் கூறுவர். நோயுற்ற உடலை நொந்துகொண்டிராமல், உடலின் அமைப்பைக் கற்றும் பலவகை உடற்கலைகளைப் பயின்றும் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். குத்துச்சண்டையும் வல்லவரானார். முதல் உலகப் போருக்குச் சற்றுமுன் இங்கிலாந்துக்குச் சென்று வாழ்ந்தார்.

1914-இல் போர் மூண்டது. ஜெர்மானியர் என்னும் காரணத்தால் இவர் பிடித்து அடைக்கப்பட்டார். முதலில் லங்காஸ்டரிலும் பின்னர் மான் தீவிலுள்ள நோக்கலோ முகாமிலும் இவர் வைக்கப்பட்டார். நோக்கலோ முகாமில் 20,000-க்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தனர். செய்வதற்குத் தொழிலின்றி, செல்வதற்கு இடமின்றி, நாள் போவதும் அறியாது கிடந்த அம்மக்களிடையே பிலாட்டீஸ் தம் பயிற்சி முறையை வளர்த்தார். நோயுற்றோரின் கட்டில்களில் விற்சுருள்களைப் பொருத்தி, படுத்தபடியே கைகால்களை இயக்கச் செய்தார் என்றும், இன்று இப்பயிற்சிக் கூடங்களில் காணும் கருவிகளின் மூலம் அதுவே என்றும் சொல்வர். அது எவ்வாறாயினும், ஒருவன் தன் உடல் கிடக்கும் அளவு நிலத்திற்குள் முழுமையாகப் பயிலத்தக்கது இம்முறை. இடமும் பொருளும் இல்லாதார்க்கும் இஃது ஏற்புடையதாதல் அதனாலேயாம்.

போர் முடிந்தபின் தாய்நாடு திரும்பிய அவர் 1926-இல் அமெரிக்காவிற்குச் சென்று நியூயார்க் நகரில் பயிற்சிக் கூடம் அமைத்தார். 1934-இலும் 1945-இலும் இரு நூல்கள் வெளியிட்டார். பின்னைய நூலில் பாயின்மீது செய்யத்தக்க 34 பயிற்சிகளைப் படங்களுடன் விளக்கினார். தம் முறைக்குத் தம் பெயரை அவர் இடவில்லை. ‘கான்ட்ராலஜி’ என்றே அழைத்தார். ‘ஆளுகைக் கலை’ என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். 1967-இல் அவர் மறைந்த பின்னரே அவர் பெயர் அம்முறைக்கு நிலைத்தது. அப்பெயரைத் தமக்கே உரிய வணிகக் குறியாக வைத்துக்கொள்ளச் சிலர் வழக்காடியபோது, அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயரே என்று 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆளுகை என்று அவர் குறித்தது யாது? உடலின் ஒவ்வோர் அசைவும் மனத்தின் அறிவோடும் ஆணையோடும் நிகழவேண்டும் என்பதே. அவர் வழிவந்த மாணாக்கர் அவருடைய போதனைகளைப் பிற்காலத்தில் ஆறு நெறிகளாகத் தொகுத்தனர். மனவொருமை, ஆளுகை, நடுநிலைக் கட்டு, செம்மை, மூச்சு, ஒழுக்கு என்பன அவை. நடுநிலைக் கட்டு என்றது விலாவின் கீழிருந்து இடுப்பின் அடிவரை உடலைச் சூழ்ந்திருக்கும் தசைகளின் உறுதியை. ஒழுக்கு என்றது ஓர் அசைவு மற்றோர் அசைவினுள் தடையின்றிச் சென்று கலத்தலை. ஒரு பயிற்சியை நூறு முறை அரைகுறையாகச் செய்வதினும் சிலமுறை செம்மையாகச் செய்வதே மேல் என்பது இம்முறையின் உயிர்நிலை.

நடுநிலைக் கட்டினைச் சிறிது விளக்குவோம். நம் வயிற்றின் உட்புறத்தை ஒரு குடமாகக் கருதலாம். அக்குடத்தின் மூடி உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை. அதன் அடித்தளம் இடுப்பெலும்பின் கீழ்வாயைத் தாங்கும் தசைகள். முன்னும் பக்கங்களிலும் அரைப்பட்டிகைபோல் சுற்றிக் கிடப்பது வயிற்றின் குறுக்குத் தசை. பின்புறத்தில் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பவை முதுகின் சிறு தசைகள். இந்நான்கும் ஒத்துழைக்குங்கால் முதுகெலும்பு நாற்புறமும் அணைவு பெற்று நிற்கும். மூச்சு உள்ளே செல்லும்போது மூடி கீழிறங்குவதும், வெளியே போகும்போது வயிறு மெல்ல உள்வாங்குவதும் இக்குடத்தின் இயல்பான தொழில். மூச்சையும் அசைவையும் இணைத்தே பயிலவேண்டும் என்று இம்முறை வற்புறுத்துவதன் பொருள் இதனால் விளங்கும்.

மனம் எதற்கு என்று கேட்பார்க்கு நம் வயற்புறத்திலிருந்தே ஓர் உவமை காட்டலாம். வாய்க்காலில் நீர் நிறைந்து ஓடினும், எந்த வயலின் மடையைத் திறக்கின்றோமோ அந்த வயலுக்கே அது பாயும். திறப்பவன் கண்ணயர்ந்தால் நீர் தாழ்ந்த வயலிலேயே போய்த் தேங்கும். மேட்டு வயல் காயும். உடலிலும் அங்ஙனமே. நாம் கருத்தின்றிக் காலைத் தூக்குவோமாயின், பழகிப்போன வலிய தசைகளே அச்சுமையை வாங்கிக்கொள்ளும். கழுத்து இறுகும், தோள் ஏறும், முதுகு வளையும். சோம்பியிருக்கும் வயிற்றுத் தசை மேலும் சோம்பும். கருத்தை அத்தசையின்மீது செலுத்தி, மூச்சை விட்டு, மெல்லத் தூக்கும்போதுதான் மேட்டு வயலுக்கு நீர் ஏறும். எனவே இப்பயிற்சியில் மனம் மடை திறப்பவனது தொழிலைச் செய்கின்றது. அவ்வாறு அரைமணி நேரம் ஒன்றிலேயே நின்று பழகிய மனம் தன் கவலைச் சுழலினின்று சற்றே விடுபடுவதையும் காண்கின்றோம். முறையான உடற்பயிற்சி மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்க உதவும் என்பது மருத்துவ அறிஞர் பலரும் உடன்பட்ட செய்தியே.

இனி, இவையெல்லாம் நமக்குப் புதியனவா என்று வினவுவோம். காவிரிக் கரையில் பிறந்தார்க்கு இது முற்றும் புதிதன்று. நம் ஊர்களில் நட்டுவனார் நாட்டியம் பயிற்றிய முறையை நினைவுகூர்க. இளஞ்சிறுமி முதலில் கற்பது பாட்டுமன்று, அபிநயமுமன்று, அரைமண்டியில் நிற்றலே. முழங்கால்களை இருபுறமும் விரித்து மடித்து, முதுகைத் தூண்போல் நிமிர்த்தி, தோள்களை அகல வைத்து நிற்கவேண்டும். பின்னர்த் தட்டடவு. நட்டுவனாரின் தட்டுக்கழி ஒலிக்கு ஒத்துக் காலைத் தட்டி, அதனையே முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என மூன்று விரைவிலும் செய்யவேண்டும். விரைவு மிகினும் முதுகு வளைதல் கூடாது. கைக்கோடு சிதைதல் கூடாது. மாதக்கணக்கில் இதுவே பாடம். மனவொருமை, ஆளுகை, நடுநிலைக் கட்டு, செம்மை என்று மேலே எண்ணியவற்றுள் எதை இப்பயிற்சியில் காணோம்?

இவ்வடவுகளை வகைப்படுத்தி ஒழுங்குசெய்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர். அவர் மரபில் தோன்றியவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935-இல் சென்னை அடையாற்றில் மேடையேறி, அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அதற்கு முன்னும் பின்னும் இக்கலையைத் தம் உடலிலே காத்துவந்த குடும்பத்துப் பெண்டிர் பலர் அடைந்த இகழ்ச்சியையும் வறுமையையும் நாம் மறத்தல் ஆகாது. ஓர் அறிவு உடலில் எழுதப்பட்டிருக்குமாயின் அவ்வுடலுக்குரியாரை மதியாத சமூகம் அவ்வறிவையும் இழக்கும்.

நாட்டிய அசைவுகள் எவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டன என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவுசெய்த அக்கோயில் விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில், கையும் காலும் ஒருங்கியைந்து இயங்கும் கரணங்களின் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. சிவபெருமானே நான்கு கைகளுடன் ஆடிக்காட்டுமாறு அவை அமைந்துள்ளன. நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள் 108. இங்கே செதுக்கப்பட்டவை 81. எஞ்சிய 27-க்கும் கற்கள் வைக்கப்பட்டும் உளி படாமல் இருக்கின்றன. 108-ஐயும் காண விரும்புவோர் சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் காணலாம். அக்கற்களை நோக்குங்கால், உடம்பின் அசைவை நூல்போல் வரிசைப்படுத்திக் கற்கத்தக்கது என்று கருதிய ஒரு காலம் இந்நாட்டில் இருந்தமை விளங்குகின்றது.

இதனால் பிலாட்டீஸ் முறை தஞ்சையிலிருந்து சென்றது என்று யாம் சொல்ல வரவில்லை. அங்ஙனம் சொல்லிப் பெருமை கொள்வது அறிவுடைமை ஆகாது. இரண்டும் வேறு வேறு நிலத்தில் வேறு வேறு தேவையால் பிறந்தவை. எனினும் அவை ஒன்றையொன்று ஓரிடத்தில் அணுகிய வரலாறு சுவை பயப்பது. நியூயார்க்கில் பிலாட்டீஸை நாடி வந்தோருள் பலர் ஆடற்கலைஞர். மார்த்தா கிரகாம், ஜார்ஜ் பாலன்சின் முதலிய பேராசான்கள் அவரை அறிந்து போற்றினர். டெட் ஷான் என்னும் கலைஞர் 1925-26-இல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் சுற்றி, சிவதாண்டவத்தைப் பொருளாகக்கொண்டு ஓர் ஆடலும் அமைத்தவர். அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நடத்திய ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் ஆடற்களத்தில் 1940-களில் கோடைதோறும் பிலாட்டீஸ் தம் முறையைக் கற்பித்தார். அதே களத்தில் 1962-ஆம் ஆண்டில் தஞ்சை அரசவைக் கலைஞர் மரபில் வந்த பாலசரசுவதி அம்மையார் ஆடினார். ஆடுவோர்க்கு உடலே கருவியாதலின், அக்கருவியைப் பழுதின்றிக் காக்கும் அறிவைக் கிழக்கிலும் மேற்கிலும் அவர்களே முதலில் தேடினர்.

மிஷன் கல்லூரிகளுக்கும் உடற்பயிற்சி வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர் நாடெங்கும் சென்று விளையாட்டையும் உடற்பயிற்சியையும் பரப்பினர். நம் கல்லூரி மைதானங்களில் ஊதுகுழல் ஒலிப்பது அத்தகையோரின் உழைப்பால். ஆயினும் மைதானம் எல்லோரையும் அழைப்பதில்லை. பந்தாட வல்லார் ஆடுவர். மற்றையோர் ஓரத்தில் நின்று கைதட்டுவர். நலிந்த உடலினர், கூச்சமுடையோர், மாலையில் வீட்டு வேலைக்கு விரையும் பெண்கள், வயது முதிர்ந்த ஆசிரியர் ஆகியோர்க்கு அங்கே இடம் குறைவு. பாய்மீது செய்யும் பயிற்சிக்கு வெற்றி தோல்வி இல்லை; பார்வையாளரும் இல்லை. ஓரத்தில் நின்றவர்களை உள்ளே அழைக்கத்தக்கது அதுவே.

தொடங்குவோர் செய்யத்தக்க சிலவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம். கருவி ஒன்றும் வேண்டா. தரையில் ஒரு ஜமக்காளத்தை மடித்து விரித்து அதன்மேல் ஒரு கோரைப்பாய் இடுக. உணவு உண்டவுடன் செய்தல் ஆகாது.

முதலாவது மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றுக. இரு கைகளையும் விலாப் புறங்களில் வைக்க. மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா இருபுறமும் விரிந்து கைகளைத் தள்ளவேண்டும். வாயால் மெல்ல விடும்போது கொப்பூழ் முதுகை நோக்கி இதமாக உள்வாங்கவேண்டும். வயிற்றைக் கல்போல் இறுக்கவும், மூச்சை அடக்கவும் கூடாது. பத்து முறை போதும். எளிதாகத் தோன்றும் இதனைத் தோளை ஏற்றாமல் செய்யக் கற்பதற்கே சிலருக்கு ஒரு வாரம் ஆகும்.

இரண்டாவது பாலம். அதே நிலையில் கிடந்து, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பின் அடியை முதலில் உயர்த்தி, பின்னர் முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகத் தரையினின்று எடுத்து, தோளும் பாதமும் மட்டும் ஊன்றி நிற்குமாறு எழுக. ஒரு மூச்சு உள்வாங்கி, மீண்டும் விட்டுக்கொண்டே மேலிருந்து ஒவ்வோர் எலும்பாகத் தரையில் இறக்குக. ஒரு மணிமாலையை மேசைமீது மணிமணியாகக் கிடத்துவதுபோல் இறக்கவேண்டும். பிட்டத் தசைகள் இதனால் விழித்தெழும். முதுகின் சுமை குறையும். ஆறு முறை செய்க.

மூன்றாவது நீந்துதல். குப்புறப் படுத்து, கைகளைத் தலைக்கு முன் நீட்டி, வயிற்றை மெல்ல உள்வாங்கி, வலக்கையையும் இடக்காலையும் தரையினின்று நான்கு விரல் உயரம் நீட்டித் தூக்குக. இறக்கி, மறுபுறம் செய்க. உயரம் நோக்கமன்று, நீளமே நோக்கம். கழுத்து முதுகின் நேர்க்கோட்டிலேயே இருத்தல் வேண்டும். நாளெல்லாம் முன்னோக்கிக் குனிந்த முதுகுக்கு எதிர்த்திசையில் வேலை கொடுப்பது இப்பயிற்சி. நடவு நடுவோர்க்கும் நூல் கற்போர்க்கும் இதனினும் ஏற்றதொன்றை யாம் கண்டிலோம். பக்கத்திற்கு ஆறு முறை போதும்.

நான்காவது பிலாட்டீஸ் தம் நூலில் முதலாவதாக வைத்த ‘நூறு’ என்பது. மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தித் தலையைச் சற்றே தூக்கி, பக்கவாட்டில் நீட்டிய கைகளை மேலும் கீழுமாகச் சிறு வீச்சாக அசைக்கவேண்டும். ஐந்து வீச்சு அளவு மூச்சை இழுத்தும் ஐந்து வீச்சு அளவு விட்டும் பத்து முறை செய்ய நூறு வீச்சு ஆகும். தொடக்கத்தில் தலையைத் தரையிலேயே வைத்து, பாதங்களை ஊன்றியபடி செய்வதே நன்று. எண்ணிக்கை தவறினால் மனம் வெளியே சென்றுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். தாளம் பிழைத்தால் நட்டுவனார் கழியை நிறுத்துவாரே, அதுபோல நாமும் நிறுத்தி மீண்டும் தொடங்குவோமாக.

எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். கால் மரத்துப் போதல், வலி காலின் கீழ்வரை ஓடுதல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை முதலிய குறிகள் உடையோர் உடனே மருத்துவரை நாடவேண்டும். கருவுற்ற மகளிரும், எலும்பு மெலிந்த முதியோரும், அண்மையில் அறுவை மருத்துவம் பெற்றோரும் மருத்துவரைக் கேளாது எதனையும் தொடங்கலாகாது. பயிற்சியின்போது கூர்மையான வலி தோன்றினால் அங்கேயே நிறுத்துக. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் அருகிருந்து திருத்தினால் பிழை குறையும்.

இம்முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்பற்க. 2015-ஆம் ஆண்டில் காக்ரேன் ஆய்வுக் குழுவினர், கீழ்முதுகு வலியுள்ள 510 பேரிடம் நடந்த பத்து ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தனர். பயிற்சி ஒன்றும் செய்யாமல் இருப்பதினும் பிலாட்டீஸ் செய்வது வலியையும் முடக்கத்தையும் குறைக்கக்கூடும் என்றும், ஆனால் பிற உடற்பயிற்சிகளைவிட இது மேம்பட்டது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அவர்கள் கண்டனர். இம்முடிவைக் கேட்டு நாம் சோர்வுற வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த நகரத்துக் கூடங்களை நாட இயலாதோர்க்கு இது நற்செய்தியே. பாயும் மூச்சும் கவனமும் போதுமானவை. யோகமோ சிலம்பமோ நடையோ, மனம் ஒன்றிச் செய்யும் எதுவும் பயன் தரும். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், வாரத்தில் இருநாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியுள்ளது. பாய்ப் பயிற்சி பின்னதற்கு உதவும். முன்னதற்கு நம் வரப்புகளும் ஆற்றங்கரைகளும் இருக்கின்றன.

யாம் இப்பயிற்சியைத் தொடங்கிச் சில திங்கள் ஆயின. விடைத்தாள் திருத்தி எழும்போது கையால் மேசையை ஊன்றும் வழக்கம் எம்மைவிட்டு நீங்கிற்று. தை பிறந்தபின் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருந்தது. அம்மூதாட்டியாரைத் திண்ணையில் கண்டோம். எம் மாணவர் ஒரு பாயை விரித்துப் பாலப் பயிற்சியைச் செய்து காட்டினார். அவர் சிறிதுநேரம் உற்று நோக்கிவிட்டு, “முப்பது வருசத்துக்கு முன்னே வந்து சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?” என்றார். பின்னர்த் தம் மருமகளை அழைத்து, “நீ பார்த்துக்கம்மா” என்று பாயின் அருகே அமர்த்தினார்.

அன்பர்களே, நம் கல்லூரியில் பயில்வோருட் பலருடைய கட்டணம் ஏதோ ஒரு வயலில் வளைந்த ஒரு முதுகிலிருந்து வந்ததே. அம்முதுகுக்கு நாம் பட்ட கடனைப் பட்டம் பெற்றபின் தீர்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டா. இக்கோடை விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் மூச்சையும் பாலத்தையும் நீந்துதலையும் தாம் முதலில் செம்மையாகக் கற்று, பின்னர்த் தம் தாய்க்கும் பாட்டிக்கும் பொறுமையுடன் கற்பிப்பாராக. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஜூன் திங்களில் மேட்டூர் மதகு திறந்து காவிரி வருவதற்குள், இன்னொரு நடவுக்குக் குனியவேண்டிய முதுகுகளுட் சிலவேனும் நிமிரக் கற்றிருக்குமாயின், இவ்வாண்டு நம் கல்லூரி கற்பித்த பாடங்களுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படும்.